ஆப்பிரிக்க எருமை வேட்டைக்கு ரைஃபிள் தேர்ந்தெடுத்தல்

700 கிலோவைத் தாண்டக்கூடிய ஆப்பிரிக்க எருமைக்கடாவை எதிர்கொள்ள, 1912இல் வெளிவந்த .375 ஹெச் அண்டு ஹெச் மேக்னம் தோட்டாவுக்கான ரைஃபிளையே முதலில் பரிந்துரைப்பேன். பல ஆப்பிரிக்க நாடுகளில் சட்டம் ஏற்கும் குறைந்தபட்சத் தோட்டா அளவும் ஏறத்தாழ அதுவே. 400 கிரெய்ன் (ஏறத்தாழ 26 கிராம்) எடையுள்ள குண்டைச் செலுத்தும் .416 ரிக்பி என்ற பெரிய தோட்டா இன்னும் பலமாகத் தாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் உதைப்புக்கு அஞ்சி, விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்பவருக்கு (அப்படிப்பட்டவர்கள் குறைவில்லை) அந்தப் பலத்தால் பயனில்லை. கடையில் தோளில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், சுடுதளத்தில் நின்றபடி 20 முறையேனும் சுட்டு, போல்ட்டை (தோட்டாவை அறைக்குள் ஏற்றும் கைப்பிடியுள்ள தண்டை) வேகமாக இழுத்துத் தள்ளும்போது அடுத்த தோட்டா சிக்காமல் ஏறுகிறதா என்று பாருங்கள். தடித்த தோலையும் தோள் எலும்பையும் துளைக்க வேண்டியிருப்பதால், முதல் குண்டு சிதறாமல் விரியும் வகையாகவும், அடுத்தவை விரியாத திடக்குண்டுகளாகவும் இருப்பது நல்லது. பெரும்பாலும் 100 மீட்டருக்குள்ளேயே சுட நேர்வதால், ரைஃபிளின் மேல் பொருத்தும், குறைந்த உருப்பெருக்கமுள்ள தொலைநோக்கியே போதும்.