பிள்ளையின் வயதிலிருந்தே வரலாறு

19-ஆம் நூற்றாண்டு வரலாற்றை ராஜா ராணியில் ஆரம்பிக்காமல், உங்கள் பிள்ளையின் வயதில் ஆரம்பியுங்கள். 8 வயதா? அதே வயதில் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில், இருட்டில் தனியாக உட்கார்ந்து, வண்டி வரும்போதெல்லாம் கயிற்றை இழுத்துக் சுரங்கத்தின் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கதவைத் திறந்துவிட்ட சிறுவனின் ஒரு நாளை, தன் பள்ளி நாளுக்குப் பக்கத்திலேயே மணிவாரியாக எழுதச் சொல்லுங்கள்.

12 மணி நேரம் என்று எழுதும்போதே "இதை யாரும் தடுக்கலையா?" என்று பிள்ளையே கேட்டுவிடும். 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களும் பெண்கள் அனைவரும் சுரங்கத்துக்குள் வேலை செய்வதைத் தடை செய்த 1842 சட்டத்தை அப்போது சொல்லுங்கள். கேள்வி அவர்களுடையது என்பதால் ஆண்டும் மனதில் தங்கும்.

இருட்டுக்குப் பயப்படும் சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். போர்கள், எல்லை மாற்றங்களுக்கும் உதவாது. அதற்கு வரைபடம்தான் சரி.