பிக்கப் மைலேஜ் குறைந்ததும் இன்ஜெக்டரில் கை வைக்காதீர்கள்

லிட்டருக்கு 14 கொடுத்துக்கொண்டிருந்த என் பிக்கப் ஒரே மாதத்தில் 11-க்கு இறங்கியது. "இன்ஜெக்டர்தான்" என்று பட்டறையில் சொன்னார்கள். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் அந்தப் பாகம் நான்கையும் கழற்றி சர்வீஸ் செய்து மாட்டினோம். பணம் போனது, மைலேஜ் வரவில்லை. பின்பக்க இடது சக்கரம் பிரேக் பிடித்தபடியே ஓடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் எதுவும் வேண்டாம். இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல், வேகம் தானாகக் குறைந்து நிற்கும்படி ஓரம்கட்டுங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம், சுட்டுவிடும். எனக்கு மூன்று சக்கரம் வெதுவெதுப்பாக இருந்தது. நான்காவதில் அனல் அடித்தது, கருகல் வாடையும் வந்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, விட்ட பிறகும் முழுதாகத் திரும்பாமல் நின்றிருக்கிறது. கேபிளை மாற்றி பிரேக் ஷூவைச் சரிசெய்ததும் 13.8 வந்தது.

அந்த 13.8-ஐ எப்படிப் பார்த்தேன் என்பதும் முக்கியம். ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டு, முள் இறங்குவதைப் பார்த்துக் கணக்குப் போடுவது பெரிய தவறு. டேங்கை நிரப்புங்கள், நாசில் முதல் தடவை தானாக நின்றதும் விட்டுவிடுங்கள். 400 கிலோமீட்டராவது ஓடிய பிறகு அதே பங்கில் அதே மாதிரி நிரப்புங்கள். 412 கிலோமீட்டருக்கு 34.3 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 12. இப்படி மூன்று தடவை பார்த்த பிறகு வண்டியைக் குறை சொல்லலாம். பெரிய சைஸ் டயர் மாட்டியிருந்தால் இந்தக் கணக்கும் ஏமாற்றும். டயர் விட்டம் 5 சதவீதம் கூடினால், 100 கிலோமீட்டர் ஓடியதை மீட்டர் 95 என்றுதான் காட்டும்.

காற்றை டயர் ஆறியிருக்கும்போது, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். லோடுக்கும் காலி வண்டிக்கும் அளவு வேறு.

என்னை அதிகம் வருத்தப்பட வைப்பது தெர்மோஸ்டாட் வால்வு, அதாவது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு. வண்டி ஹீட் ஆனால் இதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது. ஹீட் மீட்டர் முள் கீழேயே நிற்பதால் மனசுக்கு நிம்மதி. ஆனால் இன்ஜின் ஓட வேண்டிய சூட்டுக்கு வராமலே ஓடும், டீசல் கூடுதலாகப் போகும், தேய்மானமும் அதிகம். ஹீட் ஆனால் ரேடியேட்டர் அடைப்பையும் ஃபேனையும் பாருங்கள், வால்வு இருக்கட்டும்.

டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள பிஎஸ்6 வண்டியில் இன்னொன்று. ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்க வண்டி இடையிடையே கூடுதல் டீசலைச் செலவழிக்கும். பாதியில் இன்ஜினை அணைத்தால் அந்த வேலை அடுத்த தடவை திரும்ப ஆரம்பிக்கும். ஊருக்குள் சின்னச் சின்ன டிரிப்பாகவே ஓடும் வண்டிக்கு இதிலேயே டீசல் கரையும். வாரம் ஒரு தடவையாவது மெயின் ரோட்டில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள்.

அப்புறம், இறக்கத்தில் நியூட்ரல் போடுவது. ஊட்டியிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டிகளில் இதைப் பார்த்து நெஞ்சு பதறியிருக்கிறது. இப்போதைய டீசல் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால், டீசல் சப்ளையே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கிறது. மிச்சம் ஒன்றுமில்லை, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதுதான் மிஞ்சும்.

வேகமும் பாருங்கள். 60-இல் போவதைவிட 80-இல் போனால் காற்றின் தடை ஏறத்தாழ 78 சதவீதம் கூடும். தார்ப்பாய் தளர்ந்து படபடத்தால் அதுவும் சேர்ந்து இழுக்கும்.

கரும்புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து டர்போ ஹோஸில் (டர்போ அழுத்தித் தள்ளும் காற்று இன்ஜினுக்குப் போகும் குழாய்) வெடிப்பு. எல்லாம் சரியாக இருந்தும் மைலேஜ் வரவில்லை என்றால், சரி, இன்ஜெக்டருக்குப் போகலாம். அப்போதும் கழற்றும் முன் ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குப்பியில் பிடிப்பார்கள். ஒரு குப்பி மட்டும் மற்றதைவிட வேகமாக நிரம்பினால், அந்த ஒன்றைக் கழற்றினால் போதும்.