மாடல் கூட்ஸ் வேகனுக்கு டீகால் ஒட்டுவது எப்படி?

கடலூர் துறைமுகம் சந்திப்பில் கூட்ஸ் நின்றால், பிளாட்பாரத்திலிருந்தே வேகனின் பக்கவாட்டை நன்றாகப் பாருங்கள். அதிலுள்ள 11 இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது; தெற்கு ரயில்வேக்கு 06. பிறகு தயாரித்த ஆண்டுக்கு இரண்டு, தனி எண்ணுக்கு நான்கு, கடைசி ஒன்று சரிபார்ப்புக்கு. மாடல் வேகனில் இந்த எண்ணையும் எழுத்தையும் டீகாலாக, அதாவது தண்ணீரில் நனைத்துத் தாளிலிருந்து வழுக்கி ஒட்டும் மெல்லிய அச்சுப் படலமாக, ஒட்டுகிறோம். இது தெரிந்து ஒட்டினால்தான் வேகனுக்கு உயிர் வரும்.

நாம் எடுத்துக்கொள்வது எச்ஓ அளவு, அதாவது 87-இல் ஒரு பங்கு. நிஜத்தில் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள எழுத்து இங்கே 1 மில்லிமீட்டர் சொச்சம்தான். கூரான ட்வீசரும் நல்ல வெளிச்சமும் கட்டாயம் வேண்டும்.

முதல் சிக்கல் வெள்ளை எழுத்து. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. அதனால் வெள்ளை டீகால் தாள் வாங்கி, வேகனின் துருச்சிவப்பு நிறத்தைப் பின்னணியாக அச்சடித்து, எழுத்தை மட்டும் வெறுமையாக விடவேண்டும். நிறம் அச்சு அசலாகப் பொருந்துவது கடினம். தொடங்குபவர்கள் வெள்ளை எழுத்துகள் அச்சிட்ட ஆயத்த டீகால் ஷீட் வாங்கிவிடுவதே மேல். சொந்தமாக அச்சடித்தால் மை நன்றாகக் காய்ந்தபின் கிளியர் ஸ்ப்ரே இரண்டு கோட் அடியுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் போட்டதும் மை கரைந்துவிடும்.

அடுத்தது வேகனுக்குப் பளபளப்பான கிளாஸ் கோட். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். மேட் பெயின்ட், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட், கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் சொரசொரப்பானது. அந்தப் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொண்டால், டீகாலைச் சுற்றி வெள்ளிபோல ஒரு மினுமினுப்பு தெரியும். பிறகு அதை முழுதாகப் போக்குவது கடினம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு நவம்பர் மாதம், மழை விட்ட மாலையில் மாடியில் ஸ்ப்ரே அடித்தேன். பத்து நிமிடத்தில் வேகன் முழுக்கப் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. காற்றிலிருந்த ஈரம் கோட்டுக்குள் சிக்கியதுதான் காரணம். நல்ல வெயில் நாளில் மெல்லிசாக இன்னொரு கோட் அடித்தபின்தான் தெளிந்தது. அதிலிருந்து, வெயில் ஏறிய முற்பகலில் மட்டும்தான் ஸ்ப்ரே.

சரி, இனி ஒட்டலாம். டீகால் தாளை எழுத்தின் ஓரத்துக்கு நெருக்கமாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நொடி போட்டு எடுத்து, டிஷ்யூ மேல் வையுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புக்கறை படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். ஒரு நிமிடம் பொறுங்கள். விரலால் லேசாகத் தள்ளினால் எழுத்து தாளின் மேல் வழுக்க வேண்டும். வழுக்காவிட்டால் இழுக்காதீர்கள், இன்னும் சிறிது பொறுங்கள். ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் (டீகால் நன்றாகப் பிடிக்க உதவும் திரவம்) ஒரு துளி தடவி, தாளை அருகில் வைத்து, ஈரப் பிரஷால் எழுத்தை வேகன் மேல் தள்ளி, நேர்ப்படுத்துங்கள். பட்ஸால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றித் தண்ணீரை எடுங்கள்.

அப்புறம் மேலே மைக்ரோ சால் தடவுங்கள்; இது டீகாலை மென்மையாக்கும் திரவம். டீகால் சுருங்கி, பாழானதுபோலத் தெரியும். தொடவே கூடாது! காயும்போது தானாகப் படிந்து, வேகன் பக்கவாட்டின் மேடுபள்ளங்களில் பெயின்ட் போலவே உட்காரும். குமிழி மிஞ்சினால் ஊசியால் குத்தி இன்னொரு துளி விடுங்கள். ஒரு நாள் காய்ந்ததும் மேட் கோட். அதன்மேல் பழுப்புச் சாக்பீஸ் தூளைக் காய்ந்த பிரஷால் மேலிருந்து கீழாகத் தடவினால், வெயில் மழையில் ஓடிய வேகன்.

வேகன் ஓடும் தண்டவாளத்தைச் சுற்றி அமைக்கும் நிலக்காட்சிக்குப் பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்துப் பயன்படுத்தலாம். கடற்கரை மணல் என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிக் காயவைத்து, அதன்மேல் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். கருமணல் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்டவாளத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் மோட்டாரின் காந்தம் அதை உள்ளே இழுத்துவிடும். மண்ணைப் பரப்பி, சோப்புத்துளி கலந்த தண்ணீரைத் தெளித்து, பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மறுநாள் தண்டவாளத்தின் மேல்பரப்பைத் துடைத்துவிட்டு வேகனை ஏற்றி, சக்கரம் தடையின்றி உருள்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள்.