ஜெபம் வராத நாட்களில்

கஷ்டம் வந்தால் முதலில் நின்றுபோவது பல நேரம் ஜெபம்தான். முழங்கால் போட்டால் வார்த்தை வராது. வேதத்தைத் திறந்தால் கண் வரியில் ஓடும், மனது வேறெங்கோ இருக்கும். என் கணவர் பக்கவாதம் வந்து படுத்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது சபையிலிருந்து வீடு சந்திக்கப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. போகிற இடமெல்லாம், "அக்கா, ஜெபிக்கவே முடியலையே, என்ன செய்ய?" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

சொந்தமாக வார்த்தை தேடி அலைய வேண்டாம். வேதத்தில் சங்கீதம் 13ஐ எடுத்து, வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனம், ஒரு நிமிடம் போதும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' நான்கு முறை வந்துவிடும். வாசித்து முடித்ததும் ஒரு நோட்டில் உங்களுடைய 'எதுவரைக்கும்' ஒன்றை எழுதுங்கள். "எதுவரைக்கும் இந்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பேன்?" "எதுவரைக்கும் கடன்காரர் போனை எடுக்காமல் ஒளிந்திருப்பேன்?" இப்படிப் பச்சையாக எழுதலாம். அழகான ஜெபமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஐந்தாம் வசனத்தில் சங்கீதக்காரன் கிருபையை நம்புகிறேன் என்று திரும்புகிறான். உங்களால் அன்றைக்கு அதுவரை வர முடியாவிட்டால் நான்காவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சங்கீதம் 88 கடைசிவரை திரும்புவதே இல்லை, இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. "இது முறுமுறுப்பு, விசுவாசக் குறைவு" என்று யாராவது சொன்னால், சிலுவையில் இயேசு "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியது சங்கீதம் 22இன் முதல் வரி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஆகுமென்றால் நமக்கும் ஆகும்.

அப்புறம், தூக்கமும் சாப்பாடும். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், ஆவிக்குரிய ஆலோசனை மாதிரி இல்லையாம். 1 இராஜாக்கள் 19ஐ வாசித்துப் பாருங்கள். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். கேட்டுவிட்டுத் தூங்கிப்போகிறான். தேவதூதன் வந்து தட்டி எழுப்பியபோது பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். அதற்கும் திட்டு இல்லை. தூதன் இரண்டாம் முறை எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வியைக் கர்த்தர் கேட்பது நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில். ஆகவே இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்துகொண்டு "தேவன் என்னைக் கைவிட்டுவிட்டாரா?" என்று முடிவுகட்ட உட்காராதீர்கள். சாப்பிட்டு, தூங்கி எழுந்து, அப்புறம் யோசியுங்கள்.

பயம் சட்டென்று நெஞ்சைப் பிடிக்கிற நேரத்துக்கு ஒரே ஒரு சின்ன வசனத்தைக் கைவசம் வைத்திருங்கள். எனக்கு அது சங்கீதம் 56:3: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." டாக்டர் அறைக் கதவுக்கு வெளியே நின்றபடி, மூச்சை இழுக்கும்போது முதல் பாதியையும் விடும்போது மறு பாதியையும் சொல்வேன். பயம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். கால் நடக்கும், உள்ளே போக முடியும், அது போதும். நம்பிக்கையே ஆட்டம் காண்கிறவர்களுக்கு மாற்கு 9:24 பொருந்தும். நோயாளி மகனைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் என்றும் என் அவிசுவாசம் நீங்க உதவும் என்றும் ஒரே மூச்சில் சொன்னான். மகன் குணமானான்.

உங்களைப் பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 எல்லாருக்கும் மனப்பாடம். அதை மட்டும் கிள்ளி எடுத்து, "அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பாபிலோனில் சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு எழுதின கடிதம் அது. முந்தின வசனமே 70 வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனத்திலிருந்து வாசித்தால், வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று வருகிறது. எனவே காத்திருக்கிற காலத்திலும் ஒரு நாளைக்கு ஒரு வேலை என்று எடுத்து முடியுங்கள். துவைத்த துணியை மடிப்பது, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது, எதுவானாலும் சரி.

உதவி கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். "எனக்காக ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்தினால் பலருக்கு வேறென்ன செய்வதென்று தெரியாது. அப்போஸ்தலன் பவுல் காவலில் இருந்துகொண்டு தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்குக் கடிதம் எழுதும்போது, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா, புஸ்தகங்களையும் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன்னே வா என்று கேட்டார். நீங்களும் "வியாழக்கிழமை சாயங்காலம் வந்து இரண்டு மணி நேரம் இவரோடு இருங்கள், நான் தூங்க வேண்டும்" என்று கேட்கலாம். (பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: துன்பத்தில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள்.)

வாரக்கணக்கில் மனது எழும்பவே இல்லை, இருந்தென்ன என்று தோன்றுகிறது என்றால், அதை ஜெபத்தோடு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். தீமோத்தேயுவுக்கு எழுதின அதே கடிதத்தில் பவுல், "லூக்கா மாத்திரம் என்னோடே இருக்கிறான்" என்கிறார். லூக்கா ஒரு வைத்தியர். நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.