பைபோலாரில் மறதி, மந்தம்: மாத்திரையை நிறுத்தும் முன் பார்க்க வேண்டியவை

பைபோலார் (மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் மனநோய்) உள்ளவர் "மண்டையே ஓடலை, எதுவும் ஞாபகத்துல நிக்கலை" என்றால், வீட்டில் பழி முதலில் விழுவது மனச்சோர்வு மாத்திரை மேல்தான். பல சமயம் காரணம் வேறாக இருக்கும். இந்த நோயே கவனத்தையும் ஞாபகத்தையும் திட்டமிடும் திறனையும் தொடும். மனநிலை சீரான மாதங்களிலும் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். முழுதாகத் தீராத சோர்வும் தூக்கக்கேடும் சேர்ந்தால் மந்தம் கூடும்.

முதல் வேலை, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போடுவது. மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கியதும் அதில் இருக்கட்டும். பழைய வகை மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலின், கைநடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், தூக்கத்துக்கான குளோனாசெபாம், வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் டோபிராமேட் ஆகியவை ஞாபகத்தை மங்கச் செய்பவை. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் அந்த அளவுக்குச் செய்வதில்லை. ஆனால் வயதானவர்களுக்கு இவை ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துக் குழப்பம் உண்டாக்கலாம். சோடியம் பரிசோதனை கேளுங்கள்.

பையில் மனச்சோர்வு மாத்திரை மட்டும் இருந்து, லித்தியம், வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின், குயட்டியாபின் போன்ற, மனநிலையைச் சீராக வைக்கும் மருந்து எதுவும் இல்லையென்றால் அதை டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். பைபோலாரில் அது தனியாகப் போனால் மேனியாவை, அதாவது அளவுமீறிய உற்சாக நிலையை, கிளப்பக்கூடும். அமிட்ரிப்டிலின், வென்லாஃபாக்ஸின் இரண்டிலும் ஆபத்து அதிகம். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பவர்களிடம் இது நடக்கிறது. மூன்று நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை, பேச்சு நிற்கவில்லை, கைப்பணம் கரைகிறது என்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

லித்தியம் சாப்பிடுபவருக்கு ரத்த அளவுதான் முக்கியம். கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அஞ்செட்டியிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ பஸ் பிடித்து ஆஸ்பத்திரி சேரக் காலை 10 ஆகுமென்றால், முந்தைய இரவு மாத்திரையை 10 மணிக்குப் போடுங்கள். காலை மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகு. பஸ்ஸிலேயே அதைப் போட்டுவிட்டு வந்தால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும், டாக்டர் டோஸைக் குறைப்பார், நோய் திரும்பும். தொடர் சிகிச்சையில் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் (mmol/L) வரை வைப்பார்கள், 1.5-ஐத் தாண்டினால் நச்சு. தடுமாற்றம், வாந்தி, நாக்குழறல், பெரிய நடுக்கம் வந்தால் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாந்தோப்பு அறுவடை வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டால் அளவு ஏறும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். அதே ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), வைட்டமின் பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். லித்தியத்தால் தைராய்டு குறைவது சகஜம். குறைந்தால் வரும் மந்தம் பார்வைக்குச் சோர்வு போலவே இருக்கும், அதற்கு மேலும் ஒரு மனச்சோர்வு மாத்திரை சேர்ந்துவிடும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தூங்கிய மணி, மனநிலை, விட்டுப்போன மாத்திரை, அன்று மறந்தது என்ன. "மறதி அதிகம்" என்று எழுதுவதில் பயனில்லை. "அடுப்பில் பால் வைத்ததை மறந்தார், பில் தொகையை மூன்று முறை கூட்டினார்" என்றிருந்தால் டாக்டருக்குப் பிடி கிடைக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நோட்டும் பையும் இல்லாமல் போகாதீர்கள்.

மேலே சொன்ன லித்தியம் நச்சு அறிகுறிகள் வந்தாலொழிய எதையும் தானாக நிறுத்தவேண்டாம். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென விட்டால் தலைசுற்றல், ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். லித்தியத்தை விட்டால் மேனியாவே வரலாம். குறைப்பதென்றால் வாரக்கணக்கில், டாக்டர் சொல்லும் அளவில். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஆளைத் தனியாக விடாமல் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள். அது 24 மணி நேரமும், தமிழிலும் கிடைக்கும்.

ஓசூர் கம்பெனிகளில் மாறி மாறி வரும் ஷிஃப்ட் இந்த நோய்க்கு ஆகாது. தூக்கம் கலைந்தாலே மேனியா எட்டிப்பார்க்கும். பகல் ஷிஃப்ட் மட்டும் தர வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். அதில் நோயின் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை.