வண்டிப்பாதைத் தகராறில் இரண்டு வழக்கா? ஒரே விசாரணையில் நடத்துவது எப்படி

பாதைத் தகராறு பெரும்பாலும் இரட்டை வழக்காகத்தான் கோர்ட்டுக்கு வரும். பின்னால் நிலம் வைத்திருப்பவர், வழியுரிமை உண்டென்று விளம்புகையும் (உரிமையை அறிவிக்கும் தீர்ப்பு), வேலியை அகற்ற உத்தரவும் கேட்பார். முன்நிலத்துக்காரர், "என் பட்டா நிலத்தில் நுழையக்கூடாது" என்று தனியே நிரந்தர உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்பார். தனித்தனியே நடந்தால் ஒரே பாதைக்கு முரணான இரண்டு தீர்ப்புகள் வரலாம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வழக்குகளை இணைக்கவென்று தனிப் பிரிவு கிடையாது. பிரிவு 151-இன் உள்ளார்ந்த அதிகாரத்தில்தான் (நீதி வழங்கத் தேவையான உத்தரவிட கோர்ட்டுக்கு இயல்பாகவே உள்ள அதிகாரம்) கேட்க வேண்டும். 2004-இல் சிட்டிவலசா ஜூட் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரத்தை ஏற்றிருக்கிறது.

1. சொத்து விவரத்தை ஒப்பிடுங்கள். இரண்டு வழக்குரைகளையும் எதிருரைகளையும் பக்கத்தில் வைத்து சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, பாதையின் நீள அகலம் எல்லாவற்றையும் புலப்படத்தோடு (நில அளவை வரைபடம்) சரிபாருங்கள். ஒன்றில் 10 அடி வண்டிப்பாதை, மற்றதில் 4 அடி நடைபாதை என்றிருந்தால், "இரண்டும் வேறு வேறு பாதை" என்று எதிர்த்தரப்பு கிளப்பும். தேவையானால் முதலில் திருத்த மனு போடுங்கள்.

உரிமைக் கோரிக்கையையும் பாருங்கள். வழியுரிமை போன்ற வசதியுரிமை என்பது அடுத்தவர் நிலத்தின் மீதுள்ள உரிமை. ஒரு வழக்கில் "பாதை எனக்கே சொந்தம்", இன்னொன்றில் "20 ஆண்டு அனுபவத்தால் வழியுரிமை" என்று சொல்லியிருந்தால், இணைத்ததும் இரண்டும் ஒரே நீதிபதி முன் முட்டிக்கொள்ளும். பல வழக்குகள் சரிவது இங்கேதான்.

2. ஒரே கோர்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மாவட்டத்துக்குள் வெவ்வேறு கோர்ட்டில் இருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவு 24-இன்படி மாற்றல் மனு. மதிப்பு காரணமாக சார்பு நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கை முன்சீப் கோர்ட்டுக்கு இறக்க முடியாது. சிறியதைத்தான் மேலே ஏற்ற வேண்டும்.

3. இணைப்பு மனு. வழக்கெழு வினாக்கள் (கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வகுக்கும் கட்டம்தான் சரியான நேரம். ஒரு வழக்கு வாதத்துக்கு வந்துவிட்டால் இணைப்பு உத்தரவு கிடைப்பது கடினம். பிரமாணப் பத்திரத்தில் பொதுவான வினாக்களைக் குறிப்பாக எழுதுங்கள்; "இரண்டும் தொடர்புடையவை" என்ற ஒரு வரி போதாது. இரு வழக்கின் எல்லாத் தரப்பினரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, கூட்டு விசாரணை, முதன்மை வழக்கு எது, சாட்சியம் எந்த வழக்கில் பதிவாக வேண்டும் ஆகிய மூன்றையும் பரிகாரத்தில் கேளுங்கள். மூன்றாவதை விட்டால் ஆவணக் குறியீட்டில் பெருங்குழப்பம் வரும்.

4. ஆணையர். கட்டளை 26, விதி 9-இல் வழக்கறிஞர் ஆணையரை (இடத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர்) நில அளவருடன் அனுப்பக் கேளுங்கள். அந்த அறிக்கையும் வரைபடமும் இரு வழக்குக்கும் பொதுச் சான்றாகப் படிக்கப்பட வேண்டும்.

5. மேல்முறையீடு. இணைத்தாலும் வழக்குகள் தனித்தனியே உயிரோடிருக்கும். தீர்ப்பு ஒன்று, தீர்ப்பாணை (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் முறையான ஆணை) இரண்டு. இரண்டிலும் தோற்றவர் இரண்டு மேல்முறையீடு போட வேண்டும். மாவட்ட அளவிலான கோர்ட்டுகளில் கெடு 30 நாள், சான்று நகல் பெற ஆகும் நாள் கழித்து. ஒன்றை மட்டும் எதிர்த்தால், விட்டுவிட்ட தீர்ப்பாணை இறுதியாகி, பிரிவு 11-இன் முன்தீர்ப்புத் தடையாக (முடிந்துபோன விஷயத்தை மறுபடி கிளப்ப முடியாது என்ற விதி) மற்ற மேல்முறையீட்டையே முடக்கிவிடக்கூடும். தீர்ப்பு வந்த அன்றே இரண்டு தீர்ப்பாணைக்கும் நகல் மனு போட்டுவிடுங்கள்.