செதுக்கு உளி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பன், கேட்டோ மேனரில் உள்ள அம்பலவாணர் ஆலயத்தின் மரக்கதவுகள், 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்து 1905 வெள்ளத்தில் அழிந்த பழைய கோயிலிலிருந்து மீட்கப்பட்டவை. அவற்றின் வேலைப்பாட்டைக் கண்டு, காவடிக்கு ஒரு மயிலையாவது தம் கையால் செதுக்க வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் என்னிடம் வருகிறார்கள். உளி வாங்குவதில் நான் அக்காலத்தில் செய்த பிழைகளையே அவர்களும் செய்கிறார்கள். பலகையை இறுக்கிக் கட்டுங்கள், உளிக்கு முன்னால் கையை வைக்காதீர்கள் என்பவற்றை எல்லோரும் சொல்வார்கள் என்பதால், கைப்பணத்தைக் கரைக்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பன்னிரண்டு உளிப் பெட்டி

மலிவுப் பெட்டிகளில் எஃகு பெரும்பாலும் மென்மையாக இருக்கும்; வெட்டும் வாயும் தடித்திருக்கும்; பாதி உளிகள் பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை. அதே பணத்தில் மூன்று நல்ல உளிகளை வாங்குங்கள்: சற்றே வளைந்த அகல உளி ஒன்று, ஆழமாக வளைந்த நகவுளி ஒன்று, கோடு கீறும் வி வடிவ உளி ஒன்று. இவற்றோடு ஒரு குட்டைக் கத்தியும் இருந்தால் மயில் தோகை வரை செதுக்கிவிடலாம்.

உளியின் எண்ணை அகலமாகக் கொள்ளுதல்

உளித் தயாரிப்புக்குப் பேர்போன இங்கிலாந்து நகரமான ஷெஃபீல்டின் முறையில், உளியில் பொறித்த எண் வளைவைக் குறிக்கும், அகலம் வேறு. 3 ஏறத்தாழத் தட்டை, 9 ஏறத்தாழ அரைவட்டம்.

சாணைச் சக்கரத்தில் கொண்டுபோய் வைத்தல்

இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அடகுக் கடைகளிலும், ஓய்வுபெற்ற தச்சர்களின் வீட்டு விற்பனைகளிலும் பழைய ஷெஃபீல்ட் உளிகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த ஒரு தம்பி அப்படி ஒரு நகவுளியைத் தேடிப் பிடித்திருந்தார். மேலே துரு இருந்ததே தவிர, உட்குழிவில் வாயருகே அரிப்புப் பள்ளம் ஒன்றுகூட இல்லை. வெட்டும் விளிம்பு அந்த உட்பரப்பில்தான் அமைகிறது என்பதால் அது அருமையான தேர்வு. மறு வாரம் அதை நீட்டி, “பாருங்கள் அண்ணா, இப்போது பளபளக்கிறது” என்றார். வாய் முழுவதும் நீலம் பாய்ந்திருந்தது. மின்சாணையில் கூர் தீட்டியிருக்கிறார்.

பழைய உளிகள் பெரும்பாலும் சாதாரணக் கார்பன் எஃகால் ஆனவை. ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சளாகும் அந்த எஃகு, 300 டிகிரியை நெருங்கும்போது நீலமாகிப் பதம் இழந்துவிடுகிறது. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றை நெருங்கும் சக்கரத்தில், மெல்லிய வாய் சில நொடிகளிலேயே அந்தச் சூட்டை எட்டும். நீலம் கண்ட பிறகு தண்ணீரில் முக்கினாலும் போன பதம் திரும்பாது. எவ்வளவு தீட்டினாலும் நாலு வெட்டில் மழுங்கிவிடும். நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் தேய்த்து அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் நல்ல உளி ஒன்றின் ஆயுளில் பெரும்பங்கு வீணாகிறது.

தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் 400, 800, 1500 எண் நீர் உப்புத்தாள்களை வரிசையாக ஒட்டி, வெளிச்சரிவு முழுவதும் படும்படி உளியை உருட்டிக்கொண்டே தேய்த்தால் போதும். சரிவுக் கோணம் 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கட்டும். உட்புறம் எழும் பிசிரை, உருளைக் குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் மெல்ல எடுத்துவிட்டு, பச்சை மெருகுக்கட்டி தடவிய பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுங்கள். இத்தனையும் சேர்ந்தாலும் ஒரு புதிய உளியின் விலையை எட்டாது. இந்தச் செலவை ஒதுக்கிவைக்காமல் உளி வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

கொட்டாப்புளிக்குச் செலவழித்தல்

உளியைத் தட்டும் மரச்சுத்தியலைக் கடையில் வாங்க வேண்டாம். கடினமான மரக்கிளைத் துண்டு ஒன்றைப் பிடிக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்ளுங்கள்.

கிடைத்த மரத்திலெல்லாம் செதுக்குதல்

பைன் பலகை மலிவுதான். ஆனால் அதில் மெத்தென்ற வளையமும் கடின வளையமும் மாறி மாறி வருவதால், புதியவர் கையில் உளி தாறுமாறாக ஓடும். வெட்டி வீழ்த்திய ஜக்கரந்தா மரத்தின் துண்டுகளைக் கேட்டு வாங்கி, இரு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் உலர்த்துங்கள். தம்போட்டி மரத்தைத் தொடாதீர்கள். அதன் பாலும் தூளும் கண்ணைக் கடுமையாகத் தாக்கும்.